பிளஷ் டாங்கி மெதுவாக நிரம்புகிறதா? நீங்களே பார்த்துத் திருத்தலாம்

(புதிய வீடுகளைக் கையேற்ற குடும்பங்களுக்கான பராமரிப்பு விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)

 

உம்மாமாரே, வாப்பாமாரே, ராத்தாமாரே, காக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

இன்றைக்கு நான் பேச வந்தது பெரிய விடயம் அல்ல. கொமட்டின் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு தண்ணீர்ப் பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றித்தான். பாஸ்மார் அதை சிஸ்டர்ன் என்பார்கள். நாம் பிளஷ் டாங்கி என்போம். கூரைக்கு மேலே இருப்பதை இந்தப் பேச்சில் மேல் டாங்கி என்று சொல்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீடுகளுக்குப் போய்க் குறை கேட்கும்போது சுவர் வெடிப்பு, கதவு இறுக்கம், கூரை ஒழுக்கு ஆகியவற்றை எல்லோரும் உடனே சொல்கிறீர்கள். பிளஷ் டாங்கியைப் பற்றிச் சொல்ல மட்டும் கூச்சப்படுகிறீர்கள். நாம் கேட்டால்தான், “அது நிரம்ப அரை மணித்தியாலம் எடுக்கும், நாங்கள் வாளியிலே ஊத்திக்கொள்வோம்” என்று மெதுவாகச் சொல்கிறீர்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பல வீடுகளில் இது காசில்லாத வேலை. இதுவரை ஸ்பனர் பிடித்திராதவரும் செய்யலாம்.

ஏன் இதைப் பெரிதாக எடுக்க வேண்டும்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்க வீடுகள் போயின. கடலில் இருந்து 65 மீற்றருக்குள் இருந்த காணிகளை விட்டு உள்ளே வந்தவர்கள் உங்களில் பலர். அந்தப் பழைய வளவில் உங்களுக்குக் கிணறு இருந்தது. மலசலகூடம் வீட்டுக்கு வெளியே இருந்தது. வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினால் வேலை முடிந்தது.

இப்போது மலசலகூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கொமட், பிளஷ் டாங்கி, மேல் டாங்கி எல்லாம் வந்துவிட்டன. வீட்டைக் கையளித்தபோது திறப்பைத் தந்தார்கள், பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் மூடியைத் திறந்து காட்டவில்லை.

ஆறு பேர் உள்ள வீட்டை நினைத்துப் பாருங்கள். சுபஹ் நேரத்தில் எல்லோரும் எழும்புகிறார்கள். முதலில் போனவர் பிளஷ் அடித்துவிட்டு வந்தால் அடுத்தவர் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். தொழுகைக்குப் பிந்துகிறது, பிள்ளைகளுக்குப் பாடசாலை பிந்துகிறது. சீனி வருத்தம் உள்ள வாப்பாவால் காத்திருக்க முடியாது. பிள்ளைத்தாய்ச்சியாலும் முடியாது. மூட்டு வலி உள்ள மூத்தம்மாவால் நிறைந்த வாளியைத் தூக்க முடியாது. அவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். அதிலிருந்து வேறு வருத்தங்கள் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆண்கள் கடலுக்கு, வயலுக்கு, வெளிநாட்டுக்கு என்று போயிருக்கும் வீடுகள் நம்மிடையே பல. சுனாமியில் கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களும் இருக்கிறார்கள். பழக்கமில்லாத ஓர் ஆளை வீட்டுக்குள் கூப்பிட்டு மலசலகூடத்தைக் காட்டுவது அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பேச்சை முதலில் பெண்கள் கேட்க வேண்டும் என்று விரும்பினேன்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

பிளஷ் டாங்கி மெதுவாக நிரம்பினால் காரணம் இரண்டில் ஒன்றுதான். தண்ணீர் வரும் வழி எங்கோ ஒடுங்கியிருக்கிறது. அல்லது ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க மறுபக்கம் ஒழுகிப் போகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வழியைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

நமது கரையோர ஊர்களுக்கு வரும் குழாய்த் தண்ணீர் தூரத்திலிருந்து வருகிறது. இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் அம்பாறை கொண்டவட்டுவான் குளத்துக்கு வந்து, அங்கே சுத்திகரிக்கப்பட்டு, பெரிய குழாய்கள் மூலம் கரைக்கு வருகிறது. சில வீடுகள் இன்னும் கிணற்றிலிருந்து மோட்டரால் இறைக்கின்றன. எங்கிருந்து வந்தாலும் அது மேல் டாங்கியில் சேர்ந்து, சுவருக்குள்ளே உள்ள பிவிசி குழாயில் இறங்கி, கொமட்டின் பக்கத்தில் சுவரில் இருக்கும் ஒரு சிறு வால்வுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு முழ நீளமுள்ள வளையும் குழாய் போகிறது. கடையில் அதை பிளெக்சிபள் ஹோஸ் என்று கேட்க வேண்டும். அது பிளஷ் டாங்கிக்குள் இருக்கும் வால்வில் போய் முடிகிறது. அந்த வால்வோடு ஒரு மிதவை இணைந்திருக்கும். தண்ணீர் ஏற மிதவை ஏறும். உயரம் சரியானதும் வால்வு மூடும்.

ஆகவே பார்க்க வேண்டிய இடங்கள் ஐந்து: மேல் டாங்கி, சுவர் வால்வு, வளையும் குழாய், உள்வால்வு, மிதவை. ஒழுக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறாவதாக டாங்கியின் அடியில் உள்ள றப்பர்.

எவ்வளவு நேரம் எடுத்தால் அது மெதுவானது?

பிளஷ் டாங்கிகள் வழமையாக 6 தொடக்கம் 9 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். மெயின் குழாயில் நேராக இணைத்திருந்தால் இரண்டு, மூன்று நிமிடத்தில் நிரம்ப வேண்டும். மேல் டாங்கியிலிருந்து வருவதென்றால் மூன்று தொடக்கம் ஐந்து நிமிடம் வரை எடுப்பது சாதாரணம். பத்து நிமிடம் தாண்டினால் தேடிப் பார்க்க வேண்டிய குறை இருக்கிறது.

இன்றைக்கே போய் ஒரு தடவை பிளஷ் அடித்து, கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து, எத்தனை நிமிடம் என்று இந்தக் கையேட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பாருங்கள். காலையில் மட்டும் மெதுவாகவும் இரவில் சரியாகவும் இருந்தால் குறை பெரும்பாலும் தண்ணீர் வரத்தில் இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் எடுப்பதால் வேகம் குறைகிறது. எந்நேரமும் மெதுவாக இருந்தால் வழியில் ஏதோ இருக்கிறது.

ஒன்றையும் கழற்றாமல் செய்யும் நான்கு சோதனைகள்

முதலாவது, பக்கத்துக் குழாயைத் திறந்து பாருங்கள். அதே குளியலறையில் கை கழுவும் தொட்டி இருக்குமே, அந்தக் குழாய் நன்றாக ஓடுகிறதா? அதுவும் நூல் போல ஓடினால் பிளஷ் டாங்கியில் கை வைக்க வேண்டாம். மேல் டாங்கியில் தண்ணீர் இருக்கிறதா, அதன் அடியில் உள்ள வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் டாங்கி ஒரு தடவை வெறுமையாகி மறுபடி நிரம்பியிருந்தால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கலாம். வீட்டில் ஆகத் தாழ்வாக உள்ள குழாயை முழுதாகத் திறந்து சில நிமிடம் ஓட விடுங்கள். இருமுவது போலச் சத்தம் வந்து, பிறகு தண்ணீர் சீராக வரும்.

இரண்டாவது, சுவர் வால்வு. இடப் பக்கமாக, அதாவது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் திறக்கும். சத்தம் வருகிறது என்று யாராவது பாதி மூடியிருக்கலாம். பெயின்ட் அடித்தவர் மூடிவிட்டுப் போயிருக்கலாம். முழுதாகத் திறந்து பாருங்கள். சில வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும். வால்வு இறுகியிருந்தால் பலம் கொண்டு திருப்ப வேண்டாம். அது உடைந்தால் தண்ணீரை நிறுத்த மேல் டாங்கிக்குத்தான் ஏற வேண்டும்.

மூன்றாவது, மூடியைத் திறந்து பாருங்கள். மேலே அமுக்கும் பொத்தான் உள்ள டாங்கி என்றால் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை இடப் பக்கமாகத் திருப்பிக் கழற்றிய பிறகே மூடி வரும். மூடி பீங்கான் என்றால் பாரம் இருக்கும். இரண்டு கையாலும் தூக்கி, தரையில் விரித்த துணியின் மேல் வையுங்கள். உள்ளே இருப்பது உங்கள் சமையலறைக் குழாயில் வருகிற அதே தண்ணீர். கொமட்டுக்குள் இருக்கும் தண்ணீரோடு அது கலப்பதில்லை. கை வைக்க அருவருக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் போதும்.

பிளஷ் அடித்துவிட்டு, தண்ணீர் ஏறும்போது மிதவையைக் கையால் மெதுவாகக் கீழே அழுத்துங்கள். அழுத்தியதும் தண்ணீர் வேகமாக வந்தால் அடைப்பு இல்லை, மிதவைதான் சரியாக இறங்காமல் நிற்கிறது. டாங்கிச் சுவரிலோ உள்ளே உள்ள வேறு துண்டிலோ முட்டுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் திருப்பி நேராக்கினால் சரியாகும். அழுத்தியும் வேகம் மாறாவிட்டால் வழியில் அடைப்பு.

நான்காவது, ஒழுக்குச் சோதனை. டாங்கி நிரம்பிய பிறகு, கேசரிப் பவுடரோ துணிக்குப் போடும் நீலமோ கொஞ்சம் கரைத்து டாங்கிக்குள் ஊற்றுங்கள். இருபது நிமிடம் யாரும் பிளஷ் அடிக்கக் கூடாது. பிறகு கொமட்டைப் பாருங்கள். அங்கே நிறம் வந்திருந்தால் டாங்கியின் அடியில் உள்ள றப்பர் சரியாக மூடவில்லை. வருகிற தண்ணீரில் ஒரு பங்கு அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் நிரம்பப் பிந்துகிறது.

இந்த ஒழுக்கைச் சின்னதாக நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி லீற்றர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு 12 லீற்றர். ஒரு நாளைக்கு 288 லீற்றர். 500 லீற்றர் மேல் டாங்கி இரண்டு நாளைக்குள் காலி. மீற்றர் உள்ள வீட்டில் அது பில்லில் வரும். மாடி வீடுகளில் டாங்கி பொது என்பதால் உங்கள் வீட்டு ஒழுக்கால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முகம் கழுவத் தண்ணீர் இராது.

அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் யோசியுங்கள். அது மலக்குழிக்குப் போகிறது. நமது கரையில் மணல் நிலம். மாரி காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்த நேரத்தில் நாளுக்கு 288 லீற்றர் மேலதிகமாகப் போனால் குழி எங்கே உறிஞ்சும்? பொங்கி வெளியே வரும், அல்லது மண்ணுக்குள்ளால் பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். ஒரு றப்பர் துண்டு தேய்ந்ததால் அயல் வீட்டுக் கிணறு கெட்டுப் போகக்கூடும்.

வாளிச் சோதனை

மேலே சொன்னதில் எதுவும் சரிவராவிட்டால் இப்போதுதான் ஸ்பனர் எடுக்க வேண்டும். தேவையான சாமான்கள்: கூட்டிக் குறைக்கும் ஸ்பனர் ஒன்று, வாளி, பழைய துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், ஊசி, கொஞ்சம் வினாகிரி, வெள்ளைத் திரெட் டேப், ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்.

கழற்றுவதற்கு முன் ஒரு விடயம். வீடு கையளித்த பத்திரத்தில், கட்டியவர் குறைகளைத் திருத்தித் தர வேண்டிய காலம் என்று ஒரு திகதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திகதி கடந்திருக்காவிட்டால் முதலில் குறையை எழுத்தில் அறிவியுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கழற்றிய பிறகு, “நீங்கள்தான் உடைத்தீர்கள்” என்று சொல்ல இடம் வைக்க வேண்டாம்.

சுவர் வால்வை வலப் பக்கமாகத் திருப்பி முழுதாக மூடுங்கள். பிளஷ் அடித்து டாங்கியை வெறுமையாக்குங்கள். கீழே வாளியை வையுங்கள். வளையும் குழாயின் மேல் நுனி டாங்கியோடு சேரும் இடத்தில் உள்ள நட்டை ஸ்பனரால் மெதுவாகத் தளர்த்திக் கையால் கழற்றுங்கள். தளர்த்தும்போது டாங்கிக்குள் இருக்கும் வால்வு சேர்ந்து சுழலாமல் மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நுனியை வாளிக்குள் பிடித்துக்கொண்டு சுவர் வால்வைத் திறந்து சரியாக ஒரு நிமிடம் ஓட விடுங்கள். மூடிவிட்டு, வாளியில் சேர்ந்த தண்ணீரைப் போத்தலால் அளந்து பாருங்கள். இரண்டு போத்தல், அதாவது 3 லீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால் இதுவரை வழி சுத்தம். 9 லீற்றர் டாங்கி இந்த வேகத்தில் மூன்று நிமிடத்தில் நிரம்ப வேண்டும். ஆகவே அடைப்பு டாங்கிக்குள் இருக்கும் வால்வில்தான்.

அரைப் போத்தல்தான் சேர்ந்தது என்றால் அடைப்பு அதற்கு முன்னே. வளையும் குழாயின் கீழ் நுனியையும் கழற்றி, சுவர் வால்விலிருந்து நேராக வாளிக்குள் விட்டுப் பாருங்கள். இங்கே வேகமாக வந்தால் வளையும் குழாய்தான் குறை. எங்காவது மடிந்திருக்கும், அல்லது உள்றப்பர் வீங்கியிருக்கும். அதைக் கையிலே கொண்டுபோய் ஹாட்வெயார் கடையில் காட்டி அதே நீளத்தில், அதே புரியில் வாங்குங்கள். இரண்டு நுனியிலும் றப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். சுவர் வால்விலேயே மெதுவாக வந்தால் அடைப்பு சுவர் வால்விலோ சுவருக்குள்ளோ. அது பாஸைக் கூப்பிட வேண்டிய வேலை. ஆனால் எங்கே குறை என்று நீங்களே அவருக்குச் சொல்லலாம். “எல்லாம் மாற்ற வேண்டும்” என்று யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

உள்வால்வைச் சுத்தம் செய்தல்

புது வீடுகளில் பெரும்பாலும் குறை இங்கேதான். காரணம் எளிது. குழாய் பொருத்தும்போது பிவிசி அறுத்த தூள், பசைக் கட்டி, திரெட் டேப்பின் துண்டுகள் குழாய்க்குள் விழுந்துவிடும். கையளிக்க முன் தண்ணீரை நன்றாக ஓடவிட்டுக் கழுவாவிட்டால் அவை எல்லாம் ஆகச் சின்ன ஓட்டையில் போய்ச் சேரும். கிணற்றுத் தண்ணீர் என்றால் மணலும் மஞ்சள் படிவும் அதோடு சேரும்.

வளையும் குழாயைக் கழற்றிய இடத்தில், வால்வின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கலாம். பிளாஸ்ரிக் விரல் உறை போல இருக்கும். இடுக்கியால் மெதுவாக இழுத்தால் வரும். அதில் மணலும் தூளும் நிறைந்திருந்தால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்திருந்தால் வினாகிரியில் அல்லது தேசிக்காய்ச் சாற்றில் அரை மணித்தியாலம் ஊற வையுங்கள். கழுவிய வலையைத் திரும்ப வைக்க மறக்க வேண்டாம். வலை இல்லாமல் வேகமாகத்தான் ஓடும். ஆனால் சில நாளில் மணல் உள்ளே போய் வால்வு மூடாமல் ஒழுகத் தொடங்கும்.

வலை சுத்தமாக இருந்தும் மெதுவென்றால் வால்வின் தலையைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்ரிக் வால்வுகளில் சில, தலையைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினால் கழரும். கழற்ற முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். கழற்றும் துண்டுகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே துணியில் வரிசையாக அடுக்குங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த வரிசையைப் பின்னாலிருந்து எடுத்தால் போதும்.

தலைக்குள் ஒரு வட்ட றப்பர் இருக்கும். அதில் ஊசி முனை அளவு துளை இருந்தால் அடைத்திருக்கிறதா என்று பார்த்து மெதுவாகக் குத்தித் திறவுங்கள். றப்பர் கல்லுப் போல இறுகியோ கிழிந்தோ இருந்தால் அதையே கொண்டுபோய்க் காட்டி அதே அளவில் வாங்குங்கள். முழு வால்வையும் வாங்க அவசரப்பட வேண்டாம்.

றப்பரைக் கழற்றிய நிலையில் வால்வுக் குழாயையும் கழுவ வேண்டும். வளையும் குழாயை மறுபடி பூட்டுங்கள். திறந்திருக்கும் வால்வின் மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். இன்னொருவரைச் சுவர் வால்வைப் பாதி திறக்கச் சொல்லி ஐந்தாறு விநாடி ஓடவிட்டு மூடச் சொல்லுங்கள். தண்ணீர் பீறிக் கோப்பையில் அடித்து டாங்கிக்குள் விழும். அடைத்திருந்த தூளும் அதோடு வரும். கோப்பை பிடிக்காவிட்டால் முகட்டில் அடித்து நீங்கள் நனைவீர்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கைதான்.

பழைய மாதிரி, நீளக் கம்பியில் உருண்டை மிதவை உள்ள வால்வு என்றால், கம்பியைப் பிடித்திருக்கும் ஆணியை இழுத்துக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு தண்டு வரும். அதன் முனையில் றப்பர், அதற்கு எதிரே தண்ணீர் வரும் ஓட்டை. இந்த ஓட்டையின் அளவு முக்கியம். மெயின் குழாயின் அமுக்கத்துக்கென்று செய்த வால்வில் ஓட்டை ஒடுக்கம். மேல் டாங்கித் தண்ணீருக்குச் செய்த வால்வில் ஓட்டை பெரிது. 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அமுக்கத்தில் பத்தில் மூன்று பங்குதான் 3 மீற்றரிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு உண்டு. மாடி வீடுகளில் கூரையில் டாங்கி இருந்தால் ஆக மேல் மாடிக்குத்தான் ஆகக் குறைந்த அமுக்கம், ஏனென்றால் டாங்கி அவர்களின் தலைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. ஆகவே எல்லாம் சுத்தமாக இருந்தும் மெதுவாகவே நிரம்பினால் கடையில் போய், “மேல் டாங்கித் தண்ணீருக்கு, குறைந்த அமுக்கத்துக்குப் பொருந்தும் வால்வு” என்று கேளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது

பிளாஸ்ரிக் நட்டைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பனரால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் நட்டு வெடிக்கும், பீங்கானும் வெடிக்கும். றப்பர் வாஷர் உள்ள நட்டுக்கு டேப் தேவையில்லை. வாஷரே தண்ணீரை மறிக்கும். வாஷர் இல்லாத இரும்பு, பித்தளைப் புரிகளுக்கு மட்டும் டேப்பைப் புரி திரும்பும் பக்கமாக ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள்.

சுவர் வால்வை மெதுவாகத் திறவுங்கள். மூட்டுகளுக்குக் கீழே பத்திரிகைத் தாள் விரித்து ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் அந்த மூட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். டாங்கிக்குள் நடுவில் நிற்கும் வழிந்தோடும் குழாயின் வாயிலிருந்து இரண்டு விரல் அளவு கீழே தண்ணீர் நிற்கும்படி மிதவையைச் சரிசெய்யுங்கள். பிறகு மறுபடி நேரம் பார்த்து, முதலில் எழுதிய இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

செய்யக் கூடாதவை

கொமட் கழுவும் அசிட்டை டாங்கிக்குள் ஊற்ற வேண்டாம். றப்பர் கெட்டுப் போகும். அந்த அசிட்டையும் குளோரின் உள்ள வெளுக்கும் திரவத்தையும் எந்த இடத்திலும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும், உயிருக்கும் ஆபத்து. ஒரு வாளித் தண்ணீரில் கை துடைத்துவிட்டு ஈரக் கையோடு மோட்டர் சுவிச்சைத் தொட வேண்டாம். மேல் டாங்கியைப் பார்க்க வயதானவர்களையோ பிள்ளைகளையோ ஏற்ற வேண்டாம்.

வேலை முடியும் வரை மலசலகூடத்தைப் பாவிக்க முடியாது என்று நினைக்கவும் வேண்டாம். பெரிய வாளியில் முக்கால் பங்கு தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே தடவையில் வேகமாக ஊற்றினால் கொமட் சுத்தமாகும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பத்து வாளியும் போதாது.

அடைப்பு மறுபடி வராமல் இருக்க

கிணற்று மோட்டரின் புட் வால்வு அடி மணலில் முட்டிக்கொண்டிருந்தால் மணலையும் சேர்த்து இழுக்கும். அடியிலிருந்து ஓரடியாவது உயர்த்திக் கட்டுங்கள். மேல் டாங்கியின் மூடி எப்போதும் மூடியிருக்கட்டும். தூசு விழாது, நுளம்பும் முட்டையிடாது. நோன்புக்கு வீடு கழுவுவீர்கள்தானே, அப்போது மேல் டாங்கியையும் கழுவி, பிளஷ் டாங்கியின் வலையையும் கழற்றிக் கழுவி வையுங்கள். அந்த வழக்கத்தோடு இதையும் சேர்த்தால் நினைவில் இருக்கும்.

சுவருக்குள் ஈரம் தெரிந்தால், சுவர் வால்வு மூடாவிட்டால், பீங்கான் வெடித்திருந்தால், அல்லது முழு வரிசை வீடுகளிலும் தண்ணீர் குறைந்திருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முதல் மூன்றுக்கும் பிளம்பர் பாஸைக் கூப்பிடுங்கள். கடைசியானது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிரதேச அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியது. தனித்தனியாகப் போவதைவிட உங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கொடுங்கள். உங்களில் பலர் எழுதி வைத்த நிமிடக் கணக்கு அங்கே சாட்சியாக உதவும்.

இந்த வேலையை ஒரு வீட்டில் ஒருவர் செய்து பழகினால் அந்த வரிசையில் பத்து வீட்டுக்குக் காட்டிக் கொடுக்கலாம். ஸ்பனர் ஒன்றைச் சங்கத்தில் பொதுவாக வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டு ராத்தா தனியாக இருந்தால் உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை போய் உதவட்டும். அவளுக்கும் கை பழகும்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூடியைத் திறந்து பார்த்து, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த இலக்கத்தைக் கொண்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் கழற்றிய துண்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.